கரண்ட் கேள்வி–பதில்: காயிலைக் குறை சொல்லும் முன் கண்டன்சரைப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கண்டன்சர் பற்றியவை. பங்குனி பிறந்துவிட்டால் வேலூர்ப் பக்கம் இது வழக்கம்தான். ஃபேன் ஓடாத அறையில் இங்கே யாராலும் தூங்க முடியாது. பாடப் புத்தகம் மின்தேக்கி என்று சொல்வதும், கடையில் கெபாசிட்டர் என்று கேட்பதும் இதைத்தான். காட்பாடியில் வைண்டிங் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு சீலிங் ஃபேன், ரெகுலேட்டரை 5-ல் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. சில நாள் சுவிட்சைப் போட்டால் உறுமல் சத்தம் மட்டும் வரும். ஒட்டடைக் குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். பார்க்க வந்தவர், காயில் போய்விட்டது, ரீவைண்டிங் பண்ண வேண்டும் என்கிறார். பண்ணலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அடையாளமும், அதாவது உறுமிக்கொண்டு நிற்பதும் தள்ளிவிட்டால் கிளம்புவதும், பெரும்பாலும் கண்டன்சர் பலவீனமானதைத்தான் காட்டும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பொருள் அது. அதைச் சோதிக்காமல் ரீவைண்டிங் பேச்சுக்கே போகக்கூடாது. நல்ல காயிலை, அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளை, அறுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது போல வீண் செலவு வேறில்லை. வைண்டிங்தான் என் பிழைப்பு, இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ், அதாவது ஒரே பேஸ் ஒயரில் வந்து திசை மாறி மாறி ஓடும் ஏ.சி கரண்ட். அதை ஒரே ஒரு காயிலில் கொடுத்தால் காந்தப் புலம் கூடும், குறையும், திசை மாறும், ஆனால் சுழலாது. சுழலாத புலத்தால் ஃபேனைக் கிளப்ப முடியாது. அதனால் உள்ளே ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு காயில் வைத்து, ஸ்டார்ட்டிங் காயிலோடு கண்டன்சரைத் தொடராகச் சேர்த்திருக்கிறார்கள். கண்டன்சர் அந்தக் காயிலில் ஓடும் கரண்ட்டை மற்றதைவிடச் சற்று முந்த வைக்கிறது. ஒன்று முந்தி, மற்றது பிந்தி உச்சத்துக்கு வரும்போது புலம் சுழல ஆரம்பிக்கும், கூடவே ஃபேனும் சுழலும். கண்டன்சர் அடியோடு போய்விட்டால் ரன்னிங் காயில் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். அப்போது எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கமே சுற்றும்.

அந்த வெள்ளை டப்பாவை உடைத்துப் பார்த்தால் ஆறேழு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தாள்களைச் சேர்த்துச் சுற்றிய சுருள் ஒன்று வரும். ஒவ்வொரு தாளின் மேலும் முகம் பார்க்கும் கண்ணாடியில் பூசுவது போல உலோகப் பூச்சு. இரண்டு பூச்சும் இரண்டு தகடுகள், நடுவிலிருக்கும் பிளாஸ்டிக்தான் தடுப்பு. வோல்டேஜ் திடீரென்று ஏறும்போது பிளாஸ்டிக்கில் ஊசிமுனை ஓட்டை விழும். உடனே ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி, அந்த இடத்தைத் துண்டித்துவிடும். ஷார்ட் ஆகாமல் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் தகட்டின் பரப்பு கொஞ்சம் குறையும், கொள்ளளவும், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் அளவும், குறையும். வெயிலும் சேர்ந்தால் தேய்மானம் இன்னும் வேகம். அதனால்தான் ஃபேன் ஒரே நாளில் நின்றுவிடாமல் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வேகம் குறைகிறது. நமக்கும் அது பழகிப்போகிறது.

சோதிப்பது எளிது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்றி மெல்ல நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. மாலையில் மட்டும் எல்லா ஃபேனும் மெதுவாக ஓடினால் அது லைனில் வோல்டேஜ் குறைவு. அப்புறம் எலக்ட்ரீஷியனை விட்டு, மேலே உள்ள கப்பை இறக்கி, கண்டன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் மேல் 2.5 மைக்ரோ ஃபாரட் (இதுதான் கொள்ளளவு), ±5%, 440 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். கெபாசிட்டன்ஸ், அதாவது கொள்ளளவு, பார்க்கும் மல்டிமீட்டரில் 2.38-க்கும் 2.62-க்கும் இடையில் காட்ட வேண்டும். மெதுவாக ஓடுகிற ஃபேன்களில் பலதும் 1.5, 1.8 என்றுதான் காட்டும். அப்படியென்றால் கண்டன்சரை மட்டும் மாற்றுங்கள். அதற்கு பிளஸ், மைனஸ் கிடையாது. ஆனால் ஃபேனின் எந்த முனைகளில் பழையது இருந்ததோ அதே முனைகளில் சேர வேண்டும். சப்ளை ஒயர் முனை மாறிவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிக் காற்றை மேலே தள்ளும். கண்டன்சர் சரியான அளவு காட்டியும் ஃபேன் கிளம்பவில்லை, அல்லது கருகிய வாடை வருகிறது என்றால் அப்போது காயிலைப் பார்க்கலாம்.

ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி ஃபேனுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அதில் இந்தக் கண்டன்சரே கிடையாது, வேலையைச் செய்வது உள்ளேயிருக்கும் போர்டு.

2.5-க்குப் பதில் 4 மைக்ரோ ஃபாரட் போட்டால் ஃபேன் பறக்கும் என்று நண்பன் சொல்கிறான். போடலாமா?
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி

போடாதீர்கள். முதல் நாள் கொஞ்சம் வேகம் கூடியது போலத் தெரியலாம். ஆனால் ஸ்டார்ட்டிங் காயிலில் அளவுக்கு மேல் கரண்ட் போகும், ஃபேன் சூடாகும், காயிலின் வார்னிஷ் கருகும். அக்னி நட்சத்திர நேரத்தில், இரவு பகலாக ஓடுகிற ஃபேனுக்கு அதுவே போதும். சில ஃபேன்களுக்கு 3.15, சிலவற்றுக்கு 4 என்றே கம்பெனியில் கொடுத்திருப்பார்கள். அவற்றுக்கு அதுதான் சரி. பழைய கண்டன்சரில் என்ன எண் இருக்கிறதோ அதே எண். வோல்ட் அளவிலும் குறைக்கக்கூடாது. 230 வோல்ட் ஏ.சி-யின் உச்சமே 325 வோல்ட். ஃபேன் ஓடும்போது கண்டன்சரின் இரு முனைகளுக்கிடையே சப்ளையைவிட அதிக வோல்டேஜ் வரும். 440 என்று போட்டிருப்பது அதைத் தாங்கத்தான்.

கண்டன்சரின் நடுவில் இன்சுலேட்டர் இருக்கிறது. டி.சி அதில் போகாது, ஏ.சி போகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. இன்சுலேட்டரை ஏ.சி மட்டும் எப்படிக் கடக்கிறது?
– பிளஸ் டூ மாணவர், வாலாஜாபேட்டை

கடக்கவே இல்லை தம்பி. ஒரு தகட்டில் எலக்ட்ரான்கள் வந்து சேரும்போது, எதிர்த் தகட்டிலுள்ள எலக்ட்ரான்கள் விரட்டப்பட்டு அந்தப் பக்க ஒயரில் வெளியேறும். பேட்டரியில், அதாவது ஒரே திசையில் ஓடும் டி.சி-யில், இணைத்தால் இது கண நேரம் நடக்கும்; தகடுகளின் வோல்டேஜ் பேட்டரிக்குச் சமமானதும் நின்றுவிடும். ஏ.சி-யில் நொடிக்கு 50 சுற்று. நிரம்புவதும் வடிவதும் எதிர்ப்பக்கம் நிரம்புவதுமாக ஓயாமல் நடப்பதால் இரண்டு பக்க ஒயரிலும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். மரம் அறுக்கும்போது ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் பெரிய ரம்பத்தைப் பார்த்திருப்பாய். ரம்பம் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை, முன்னும் பின்னும் போகிறது, அவ்வளவுதான், மரம் அறுபடுகிறது.

கணக்கும் போட்டுப் பார். 1-ஐ 2πfC-ஆல் (f நொடிக்கு எத்தனை சுற்று, C கொள்ளளவு) வகுத்தால், 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் 50 ஹெர்ட்ஸில் சுமார் 1,273 ஓம் தடையாக நிற்கும். டி.சி-க்கு f பூஜ்யம், அதனால் தடை எல்லையற்றது. இந்தத் தடையில் ஒரு விசேஷம், இது கிட்டத்தட்ட சூடே ஆகாது. பழைய பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டால் சுடும், ஏனென்றால் உள்ளே ரெசிஸ்டன்ஸ் கம்பி. இப்போதைய ஸ்டெப் ரெகுலேட்டரில் 1, 2, 3 என்று திருப்பும்போது வெவ்வேறு கண்டன்சர்கள் மாறி மாறிச் சேர்கின்றன. மெதுவாக ஓடும்போது வீணாகும் கரண்ட் மிச்சம்.

கண்டன்சரைக் கண்டுபிடித்த கதையும் உனக்குப் பிடிக்கும். 1745-ல் பால்டிக் கடலோரப் பொமரேனியாவில் எவால்ட் ஃபான் கிளைஸ்ட், சில மாதங்களில் ஹாலந்தின் லைடன் நகரில் பீட்டர் வான் முசென்புரூக், இருவரும் தனித்தனியாகக் கண்ணாடி ஜாடியிலிருந்த திரவத்தில் மின்சாரத்தைச் சேர்க்கப் பார்த்து, பலமாக ஷாக் வாங்கினார்கள். ஜாடியின் உள்ளே திரவம் ஒரு தகடு, வெளியே பிடித்திருந்த கை இன்னொரு தகடு, நடுவில் கண்ணாடி. உலகின் முதல் கண்டன்சர் அதுதான்.

1 எச்.பி சிங்கிள் பேஸ் போர் மோட்டார். பேனலில் இரண்டு கண்டன்சர் இருக்கிறது. கறுப்பாக இருப்பது இந்தக் கோடையில் இரண்டாவது தடவையாக வெடித்துவிட்டது. தரமில்லாத சரக்கா?
– ஒரு விவசாயி, ஒடுகத்தூர்

சரக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது ஐயா. அந்தக் கறுப்பு, ஸ்டார்ட்டிங் கண்டன்சர். 120–150 மைக்ரோ ஃபாரட், எலக்ட்ரோலிட்டிக் வகை. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கிளம்ப மோட்டாருக்குப் பலம் வேண்டும், அதைத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டு மூன்று நொடிக்குத்தான் அது தாங்கும். மற்றது ரன்னிங் கண்டன்சர், மோட்டார் ஓடும் வரை கூடவே ஓடும்.

பச்சைப் பட்டனை அழுத்தியிருக்கும் வரை கறுப்புக் கண்டன்சர் லைனில் இருக்கும். கோடையில் வோல்டேஜ் குறைவு, மோட்டார் கிளம்பாது, நாமும் பட்டனை விடாமல் அழுத்துகிறோம். அல்லது கிளம்பும் வரை அடுத்தடுத்து அழுத்துகிறோம். உள்ளே இருக்கும் திரவம் கொதித்து ஆவியாகி, மூடியைப் பிளந்துகொண்டு வரும். பட்டன் தூசியில் சிக்கி வெளியே வராமல் நின்றாலும் இதே கதிதான், அதை முதலில் பாருங்கள். போர் மணல் தள்ளினால் மோட்டார் இறுகும், அதையும் பார்க்க வேண்டும். இனி வோல்ட் மீட்டரைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். இரண்டு மூன்று நொடியில் கிளம்பவில்லை என்றால் விட்டுவிட்டுச் சில நிமிடம் ஆறவிடுங்கள். பேனல் வெயில் படும் கம்பத்தில் இருந்தால் நிழலுக்கு மாற்றுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் நிற்கும். ஃபேன் கண்டன்சர் 325 வோல்ட்டில் நிறைந்திருந்தால் அதில் 0.13 ஜூல் ஆற்றல்தான், சுரீர் என்று ஒரு அடி. உங்கள் கறுப்புக் கண்டன்சரில் ஆறு ஜூலுக்கு மேல். கை தெறித்துக் கிணற்றோரம் விழுந்தால் ஆபத்து. கழற்றும் முன், ஹோல்டரில் மாட்டிய ஒரு 100 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் சற்று நேரம் வையுங்கள், வடிந்துவிடும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி பல்ப் இரவில் மங்கலாக எரிகிறது. பேயா என்று குழந்தைகள் பயப்படுகிறார்கள்!
– ஒரு வாசகி, கணியம்பாடி

பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பைப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு ஒயர்களும் ஒரு குட்டிக் கண்டன்சர்தான். அதன் வழியாக வரும் துளி கரண்ட் போதும், எல்.இ.டி மினுக்கும். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தாலும் அது வழியாக வரும். இவை இரண்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் மூன்றாவது ஒரு காரணம் உண்டு: சுவிட்சை, கரண்ட் வரும் பேஸ் ஒயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருப்பது. அப்படியென்றால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்ப் மாற்றப் போகிறவருக்கு உயிராபத்து. ஒரு வயர்மேனை அழைத்து இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியிலும் கண்டன்சர் உண்டா?
– ஒரு வாசகர், வேலூர்

அதன் முக்கிய உறுப்பே கண்டன்சர்தான். 100 மைக்ரோ ஃபாரட்டை 2,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 200 ஜூல். இவ்வளவையும் நூறில் ஒரு நொடியில் கொடுக்க பேட்டரியால் ஆகாது. பேட்டரி சில நொடிகள் எடுத்துக்கொண்டு கண்டன்சரை நிரப்பும், கண்டன்சர் ஒரே வீச்சில் நெஞ்சுக்குள் இறக்கும். தாறுமாறாகத் துடிதுடிக்கும் இதயத் தசை முழுவதும் ஒரு கணம் அடங்கும். பிறகு இதயம் தன் இயல்பான தாளத்தைப் பிடிக்க வாய்ப்புக் கிடைக்கும். 1947-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் முதன்முதலில் ஒரு நோயாளியை இப்படிக் காப்பாற்றியது ஏ.சி மின்சாரத்தால். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க இதய மருத்துவர் பெர்னார்ட் லவுன், கண்டன்சரிலிருந்து வரும் டி.சி துடிப்பு அதைவிடப் பாதுகாப்பானது என்று காட்டினார். நிரப்பிய பிறகு ஷாக் கொடுக்கத் தேவைப்படவில்லை என்றால், சிறிது நேரத்தில் கருவியே அந்த மின்சாரத்தை உள்ளுக்குள் வடித்துவிடும்.