வாசகர் கேள்வி – பதில்: அரசன் முந்தியா, வாய்க்கால் முந்தியா?

கேள்வி: பயிர்ச்செய்கை வந்தது, அதனால் ஊர் வந்தது, ஊரில் கோயில் எழுந்தது, பிறகு அரசன் வந்தான் என்று படிக்கிறோம். இந்த வரிசை சரிதானா?
– உயர்தர மாணவி, கல்முனை

பரீட்சைக்கு வசதியான வரிசைதான். மண்ணுக்குள் கிடைத்தவை அதற்கு ஒத்துவரவில்லை. தென்கிழக்குத் துருக்கியில் உர்ஃபா நகருக்கு அருகிலுள்ள கோபெக்லி தெபே மேட்டில், ஒற்றைக் கல்லில் செதுக்கிய தூண்கள் வட்டமாக நிற்கின்றன. சில 5 மீற்றருக்கும் உயரமானவை. காலம் ஏறத்தாழ கி.மு. 9500. அங்கே கிடைத்த எலும்புகள் காட்டு விலங்குகளுடையவை, தானியங்களும் காட்டுத் தானியங்கள். அதாவது, வயல் இல்லாதவர்களே ஆள்சேர்த்து, சோறுபோட்டு, கல் இழுத்திருக்கிறார்கள்.

மறுபக்கம், அதே நாட்டின் சதல்ஹூயுக். கி.மு. 7100 அளவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்த ஊர். பயிரும் ஆடும் உண்டு, மக்கள் ஆயிரக்கணக்கில். கூரை வழியாக வீட்டுக்குள் இறங்கினார்கள், இறந்தவரை வீட்டுத் தளத்தின் கீழேயே புதைத்தார்கள். அரண்மனை என்று சொல்லத்தக்க கட்டடம் ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை.

பயிர் செய்யாதவர்களிடம் ஒழுங்கு இல்லை என்றும் எண்ணவேண்டாம். 1911இல் மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட பதிவுகளைப் பார்த்தால், நம் கிழக்கு மாகாணத்தின் மேற்கு எல்லைக் காடுகளில் வாழ்ந்த வேடர்களிடையே எந்தக் காடு எந்தக் குடும்பத்தின் வேட்டைநிலம் என்பதில் தெளிவான முறை இருந்தது தெரியும்.

கேள்வி: பெரிய நீர்ப்பாசனத்தை நடத்த ஆள் தேவைப்பட்டதால்தான் அரசும் அதிகாரிகளும் உருவானார்கள் என்கிறார்களே?
– வட்டவிதானை (வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளர்) ஒருவர், நிந்தவூர்

1957இல் வரலாற்றாய்வாளர் விட்ஃபோகல் இப்படித்தான் வாதிட்டார்: பெரிய வாய்க்காலுக்குக் கட்டாய உழைப்பு வேண்டும், உழைப்பை ஏவ அதிகாரிகள் வேண்டும், அதிகாரிகளின் உச்சியில் தனியொருவன் நிற்பான். கேட்க ஒழுங்காக இருக்கிறது. கால வரிசைதான் இடிக்கிறது. ஈராக்கின் சோகா மாமியில் கி.மு. 6ஆம் ஆயிரத்தாண்டிலேயே வாய்க்கால்கள் உண்டு. அப்போது அந்தப் பகுதியில் அரசு என்று எதுவும் இல்லை. தொடக்க கால வாய்க்கால்கள் ஆற்றுக் கிளையிலிருந்து சிறு தூரம் வெட்டப்பட்டவை. சில ஊர்கள் கூடினால் முடிகிற வேலை.

இலங்கையை வைத்தே 1959இல் மானிடவியலாளர் லீச் இதை மறுத்தார். பெருங்குளங்கள் அரசர் வேலை, உண்மை. ஆனால் ஊர்க்குளம் ஊராரின் கையில் இருந்தது. அரசு விழுந்த பின்னும் அது நீர் கொடுத்தது. பழைய பிராமிக் கல்வெட்டுகளில் ‘வாபிஹமிக’, அதாவது குளத்துக்கு உரியவர், என்ற பட்டத்தோடு அரசரல்லாத ஆட்கள் வருகிறார்கள். எங்கள் பார்வையில் விட்ஃபோகலின் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

அப்படியானால் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? உங்கள் வேலையிலேயே விடை இருக்கிறது. தலைமாட்டு வயற்காரனுக்கு நீர் முதலில் கிடைக்கும், அவனுக்குச் சிக்கனம் தேவையில்லை. கடைக்கோடி வயல் காயும். ஆனால் வாய்க்காலைத் தூர்வார, அணை உடைந்தால் மண்போட, கடைக்கோடிக்காரனின் கையும் வேண்டும். நீரை மறுத்தால் அவன் வேலைக்கு வரமாட்டான். இந்தப் பிடிமானம் இருக்கும்வரை அரசன் இல்லாமலே முறை நிற்கும். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகிறவற்றைப் பாருங்கள்: நீர் திறக்கும் திகதி, விதைப்பின் கடைசித் திகதி, எத்தனை மாத நெல், மாடுகளை வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) அகற்றும் திகதி. ஒன்று பிசகினாலும் மற்றவை கெடும். ஒருவர் மூன்றரை மாத நெல்லும் பக்கத்தவர் நாலு மாத நெல்லும் விதைத்தால், ஒருவர் வெட்டுக்கு வயலைக் காயவிடும்போது மற்றவருக்கு நீர் வேண்டியிருக்கும்.

பிடிமானம் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரைப் பகுதி சாட்சி. அரசு கட்டிய திட்டம், மேலிருந்து வந்த நிர்வாகம். கடைக்கோடிக்கு நீர் போகவில்லை. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் வயல் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் சிறு குழுக்களை அமைக்க உதவின. அவர்கள் முதலில் தொட்டவை சட்டமும் பதவியும் அல்ல. சேர்ந்து தூர்வாருவது, முறை வைத்துப் பாய்ச்சுவது, மிஞ்சிய நீரைக் கீழே விடுவது. அந்த வேலையின் மேல்தான் அமைப்பு வளர்ந்தது.

கேள்வி: அகழ்வில் கிடைத்த நெல் காட்டு நெல்லா, பயிரிட்டதா என்று எப்படிச் சொல்கிறார்கள்?
– ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

நெல்மணியின் அடிக்காம்பைப் பார்த்து. காட்டு நெல் பழுத்தால் தானே உதிரும். உதிர்ந்த தழும்பு மழமழப்பாக இருக்கும். பயிர் நெல்லை அடித்து அல்லது மிதித்துப் பிரிக்கவேண்டும், தழும்பு பிய்ந்து கரடாக இருக்கும். ஒரு மணியை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஒரே மண்படையில் கிடைத்த பல அடிக்காம்புகளை எண்ணி விகிதம் பார்ப்பார்கள், காரணம் இந்த மாற்றம் பல நூற்றாண்டாக மெல்ல நடந்தது.

மணியை எடுக்கும் விதம் இது. ஒவ்வொரு படையிலிருந்தும் 10 முதல் 20 லீற்றர் மண்ணை அளந்து தனியாக எடுக்கவேண்டும். நீரில் போட்டுக் கையால் மெதுவாகக் கலக்கினால் கருகிய விதை மிதக்கும். அதை 0.3 மில்லிமீற்றர் வலையில் வடிக்கவேண்டும். நம் வயல்களைப் போன்ற களிமண் என்றால் முதலில் ஊறவைக்கவேண்டும், இல்லாவிட்டால் விதை கட்டிக்குள்ளேயே கிடந்து கழிவோடு போய்விடும். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் கரி வெடித்து உருவம் போய்விடும். கருகாத விதை கிடைத்தால் மகிழவேண்டாம். நம் ஈரத்தில் அது நெடுங்காலம் நில்லாது, பெரும்பாலும் எறும்பு இழுத்த இந்தப் போகத்து விதைதான். காலம் கணிக்க மரக்கரியைவிட நெல்மணி நல்லது. மரத்தின் உள்வைரம் நெருப்பில் விழுவதற்கு நூறு ஆண்டு முன்பே வளர்ந்ததாக இருக்கலாம். நெல் ஒரு போகத்தது.

கேள்வி: முதல் எழுத்து எதற்காக எழுதப்பட்டது?
– அக்கரைப்பற்று

கணக்குக்கு. ஈராக்கின் உருக் நகரில் கி.மு. 3300 அளவில் எழுதப்பட்ட களிமண் பலகைகளில் பெரும்பங்கு வாற்கோதுமை, ஆடு, ஆள், கூலி. பின்னாளில், கி.மு. 21ஆம் நூற்றாண்டில், ஊர் என்ற நகரின் அரசில் ஆண் தொழிலாளிக்கு மாதம் 60 லீற்றர் அளவு வாற்கோதுமை, பெண்ணுக்கு 30. தானியப் பட்டறையின் அளவுமரக்கால் யார் கையிலோ, கூலியை நிறுத்தும் பலமும் அவர் கையில்.

கேள்வி: கிணறு வெட்டும்போது பெரிய தாழியும் எலும்பும் தட்டுப்பட்டால் என்ன செய்வது?
– வாகரை

வெட்டுவதை உடனே நிறுத்துங்கள். தாழியைக் கவிழ்க்கவோ கழுவவோ வேண்டாம், அதனுள் இருக்கும் மண்ணில்தான் விதையும் கரியும் இருக்கும். பேனை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். தரைமட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து, எந்த நிற மண்ணில் கிடந்தது என்று எழுதுங்கள். உள்ளும் வாய்விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு என்றால் இரும்புக்காலப் பாண்டமாக இருக்கலாம். கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத பக்கம் கறுத்தது.

எலும்பு அண்மைக் காலத்ததாகவும் இருக்கலாம். ஆகவே கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் முதலில் சொல்லுங்கள், தொல்பொருள் திணைக்களத்துக்கும் தெரியப்படுத்துங்கள். 1940இன் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அறிவிப்பது கடமை. அவர்கள் வரும்வரை குழியின் மேல் ஓலையோ தறப்பாளோ போட்டு, மழைநீர் உள்ளே இறங்காமல் சுற்றிவர வரம்பு கட்டிவிடுங்கள்.