கிளெய்டியாஸின் நாய்கள்

அன்புள்ள ஐயா,
பிரான்சுவா ஜாடி என்கிற பழைய கிரேக்க ஓவிய ஜாடியைப் பற்றிப் படித்து வருகிறேன். ஹோமரின் இலியட் காவியத்துத் தேர்ப்பந்தயத்தில் ஜெயிப்பவன் டயோமிடீஸ். ஜாடியில் ஒடிசியஸ் முதலில் வருகிறான். ஓவியரின் பிழையா? கீழே வரும் மிருக வரிசை வெறும் அலங்காரம்தானே, விட்டுவிடலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தேர்ப்பந்தயத்தை விடுங்கள். ஜாடியை வரைந்த கிளெய்டியாஸ் ஹோமரைப் படியெடுக்க உட்காரவில்லை.

ஆனால் 'வெறும் அலங்காரம்' என்று எழுத எப்படி மனசு வந்தது? கொஞ்ச நாளாக இந்த மிருகங்கள்தான் என் தலைக்குள் ஓடுகின்றன.

கி.மு. 570 வாக்கில் ஏதென்ஸில் எர்கோடிமோஸ் வனைந்து, கிளெய்டியாஸ் வரைந்த ஜாடி அது. 66 செ.மீ. உயரத்தில் இருநூறுக்கும் மேல் உருவங்கள். புளோரன்ஸில் அதைப் பார்க்கப் போனபோது நானும் அக்கிலீஸின் அப்பா பீலியஸின் கல்யாண ஊர்வலத்தைத்தான் தேடினேன். கண் போய் நின்றதோ மேலே, கிரேக்கப் புராணத்தின் கலிடோன் காட்டுப்பன்றி வேட்டையில். பன்றி குத்திப்போட்ட நாய் ஒன்று கிடக்கிறது. அதற்குப் பெயர் எழுதியிருக்கிறார்: ஓர்மெனோஸ். மற்ற நாய்களுக்கும் பெயர் உண்டு. லாப்ரோஸ், கோராக்ஸ் என்று. செத்த நாய்க்குப் பெயர் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? ஜாடி கடைசியில் போய்ச் சேர்ந்தது இத்தாலியில், கியூசி ஊர்ப் பக்கத்தில், ரோமர்களுக்கு முன் அங்கே வாழ்ந்த எத்ருஸ்கன் மக்களின் கல்லறைக்கு. அங்கே கிரேக்கம் வாசிக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

சரி, கீழ்வரிசை மிருகங்களுக்குப் பெயர் இல்லைதான். கிழக்கிலிருந்து வந்து, கொரிந்து என்ற கிரேக்க நகரத்துப் பானைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்த கூட்டம் அது. அங்கே அவை பெரும்பாலும் சும்மா நடக்கும், இடைவெளியெல்லாம் பூ வடிவங்களை அடைத்திருப்பார்கள். கிளெய்டியாஸ் பூவை எடுத்துவிட்டு மிருகங்களைச் சண்டைக்கு விட்டார். சிங்கம் பக்கவாட்டில் பார்க்கும். சிறுத்தை மட்டும், இரை மேல் பாய்கிறபோதும், முகத்தை நம் பக்கம் திருப்பி வைத்திருக்கும். கொரிந்துக்காரர்களின் பழைய வழக்கம். நாம் பார்க்கிறோமா என்று சரிபார்க்கிற மாதிரி எனக்குப் படும். கறுப்பாக மாறும் களிமண் குழம்பைப் பூசி, காய்ந்ததும் கூர்முனையால் கீறி அடிமண்ணைக் காட்டும் வேலை இது. மேல்வரிசையில் கொல்லர் தெய்வம் ஹெஃபெஸ்டஸின் கோணல் பாதத்தைக் கீறிய அதே கைதான் சிறுத்தையின் தோளையும் கீறியது. மேலே கலை, கீழே அலங்காரம் என்று நீங்கள் எங்கே கோடு போடுவீர்கள்?

1900-இல் அருங்காட்சியகக் காவலாளி ஒருவர் கோபத்தில் ஸ்டூலை வீசி ஜாடியை 638 துண்டாக்கினார். ஒட்டியவர்கள் உங்களைப் போல நினைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அப்புறம், ஜாடியின் அடிப்பாதத்தைப் பார்த்தீர்களா? ஆடுகள் மேல் ஏறிய குள்ளர்கள் கொக்குகளோடு போர் செய்கிறார்கள். இலியட்டின் மூன்றாம் காண்டம் அந்தச் சண்டையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஹோமர் மேல் இவ்வளவு பற்று வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள்.