சட்டக் கல்லூரிக்கே போகாத சிற்றூர் வக்கீல் மாநில ஆளுநர் ஆனது எப்படி?

பின்னாளில் அமெரிக்க அதிபரான கால்வின் கூலிட்ஜைப் பற்றிய கேள்வி என்றால், ஆம், அவர் சட்டக் கல்லூரியில் படிக்கவில்லை. 1895-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்து தொழில் கற்றார். அன்று அது முறையான வழிதான். 1897-ல் வக்கீலாகப் பதிவாகி, அடுத்த ஆண்டு தனி அலுவலகம் திறந்தார்.

பதவிகளை ஒரு படிகூடத் தாண்டாமல் ஏறினார்: நகர மன்றம், நகரச் சட்ட ஆலோசகர், மாநிலக் கீழவை, மேயர், மாநில மேலவை, அதன் தலைவர், துணை ஆளுநர், 1919-ல் ஆளுநர். இடையே 1903-ல் மாவட்ட நீதிமன்றப் பதிவாளர். சம்பளம் நல்லதுதான், ஆனால் அந்தப் பதவியில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய முடியாது. ஒரே வருடத்தில் விட்டுவிட்டார். கெட்டிக்கார முடிவு. 1905-ல் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் தோற்றார்.

அன்று மாசசூசெட்ஸில் ஆளுநருக்குக்கூட ஆண்டுதோறும் தேர்தல். அதனால் தொகுதியோடு தொடர்பு விட்டுப்போக வழியே இல்லை.

பெயர் நாடெங்கும் பரவியது 1919 செப்டம்பர் பாஸ்டன் காவலர் வேலைநிறுத்தத்தில். முதல் இரவே கடைகள் சூறையாடப்பட்டன. கூலிட்ஜ் உடனே தலையிடவில்லை. அது தாமதம்தான் என்பது என் கருத்து. பிறகு மாநிலப் படையை முழுதாக இறக்கினார். பொதுப் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்று தொழிற்சங்கத் தலைவர் கோம்பர்ஸுக்குத் தந்தி கொடுத்தார். வேலைநிறுத்தம் செய்த காவலர்கள் திரும்ப எடுக்கப்படவில்லை.

அதிகம் பேசப்படாத வேலை ஒன்று: நூற்றுக்கு மேற்பட்ட மாநில அலுவலகங்களை இருபது துறைகளுக்குள் அடக்கியது.