கார்ல் காக்ஸுக்கு ஏன் முதலிடம்? டிஜேக்கள் பற்றிய கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். கல்யாண ரிசப்ஷன், காலேஜ் விழா என்றால் டிஜேயும் நானே போடுவேன். உலக அளவில் பிடித்த எலக்ட்ரானிக் டிஜேக்களை வரிசைப்படுத்திச் சொல்லுங்கள் என்று பல பேர் கேட்டார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டுப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் முதல் பத்துப் பேரைச் சொல்லுங்கள். (காவேரிப்பட்டணம்)

பத்து வராது தம்பி, ஆறு இடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் போனால் எண்ணிக்கைக்காக ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். முதலிடம் கார்ல் காக்ஸ். இரண்டு, பிரான்ஸின் லோரான் கார்னியே. மூன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஜெஃப் மில்ஸ். நான்காம் இடம் சாஷாவுக்கும் ஜான் டிக்வீடுக்கும் சேர்த்து. ஐந்து, தென்னாப்பிரிக்காவின் பிளாக் காஃபி. ஆறு, நெதர்லாந்தின் ஆர்மின் வான் பியூரன்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். ஒருவர் போட்ட செட்டை, அதாவது இடைவெளி விடாமல் கோர்த்துப் போடும் பாட்டு வரிசையை, முதலிலிருந்து கடைசி வரை கேட்டால் அது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிறதா? அவருடைய சொந்தப் பாட்டு ஹிட்டானதா, மேடையில் எவ்வளவு நெருப்பு பறந்தது, எத்தனை லட்சம் ஃபாலோயர்கள் என்பதெல்லாம் என் கணக்கில் இல்லை.

டேவிட் கெட்டா பலமுறை உலகின் நம்பர் ஒன் ஆனவர். உங்கள் பட்டியலில் அவர் இல்லையென்றால் எப்படி சார்? (ஓசூர்)

நீங்கள் சொல்வது இங்கிலாந்தின் டிஜே மேக் பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிடும் முதல் நூறு பட்டியல். கெட்டா அதில் 2011, 2020, 2021, 2023 உள்ளிட்ட ஆண்டுகளில் முதலிடம் பிடித்தார். அது ரசிகர்கள் ஓட்டுப் போட்டு வரும் பட்டியல். ஓட்டு என்று வந்துவிட்டால் பிரசாரமும் வரும். எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று டிஜேக்களே கேட்டு வீடியோ போடுவார்கள்.

அதே பட்டியலின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். 1997-ல் கார்ல் காக்ஸ், 2000-ல் சாஷா, 2001-ல் டிக்வீட். அப்போது ஓட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் கிளப்பில் விடிய விடிய ஆடியவர்கள். பிறகு பெரிய திருவிழா மேடைகளும் யூடியூப்பும் வந்தன, ஓட்டுப் போடும் கூட்டமும் மாறிவிட்டது. 2016-ல் மார்ட்டின் கேரிக்ஸ் முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 20. பாட்டு நன்றாகத்தான் செய்வார். ஆனால் ஆறு மணி நேர செட்டைத் தூக்கி நிறுத்த வயதும் அனுபவமும் வேண்டும்.

கெட்டாவுக்கு டிஜே போடத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 80-களிலேயே பாரிஸ் கிளப்களில் தொடங்கியவர் அவர். அவருடைய இப்போதைய செட்களில் ஒரு ஹிட் முடிந்ததும் அடுத்த ஹிட் வருகிறது, நடுவில் மூச்சுவிட இடமே இல்லை. அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

கார்ல் காக்ஸ் அப்படி என்னதான் செய்கிறார்? (பர்கூர்)

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1962-ல் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாமில் பிறந்தவர் காக்ஸ். பெற்றோர் பார்படோஸிலிருந்து குடியேறியவர்கள். 80-களின் இறுதியில் இங்கிலாந்தில் ரேவ் எனும் விடிய விடிய ஆடும் பார்ட்டிகளின் அலை அடித்தபோது எல்லோரும் இரண்டு டர்ன்டேபிளில் இசைத்தட்டு ஓட்டினார்கள். இவர் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டு பேர் வாங்கினார்.

மூன்றை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்று யூஎஸ்பி செருகி வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அன்றைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளின் வலது ஓரத்தில் ஒரு நீளமான ஸ்லைடர் இருக்கும். அதைத் தள்ளி வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். திரையில் எண் காட்டாது, அலை வடிவமும் தெரியாது. ஹெட்போனின் ஒரு பக்கம் காதில், மறு காது ஹாலின் பக்கம். புதிய தட்டின் கிக் (பெரிய டிரம்மின் அடி) கொஞ்சம் முந்துகிறதா, பிந்துகிறதா என்று கேட்டு, முந்தினால் தட்டின் ஓரத்தை விரலால் லேசாக உரசிப் பிடிக்க வேண்டும், பிந்தினால் லேபிளைத் தொட்டு முன்னால் தள்ள வேண்டும். சேர்ந்துவிட்டது என்று நினைக்கும்போதே மெதுவாக விலக ஆரம்பிக்கும். இரண்டு தட்டுக்கே இந்தப் பாடு. மூன்றாவது ஓடும்போது எது விலகுகிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

வித்தைக்காக மட்டும் முதலிடம் கொடுக்கவில்லை. ஸ்பெயினின் இபிசா தீவில் ஸ்பேஸ் கிளப்பில் 2001 முதல் அந்த கிளப் மூடப்பட்ட 2016 வரை கோடைதோறும் அவருடைய இரவு நடந்தது. ஒரே இடத்தில் அத்தனை வருஷம் கூட்டம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு வாரமும் புதிதாக எதையாவது காட்டியாக வேண்டும். மைக்கைப் பிடித்து "ஓ யெஸ், ஓ யெஸ்" என்று அவர் கத்துவது எனக்கு எரிச்சல்தான். சரி, முதலிடத்துக்காரருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

திருவிழா மேடையில் ஒரு மணி நேரத்தில் அசத்துகிறார்களே, நீளமான செட்தான் நல்ல செட் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறீர்கள்? (பாலக்கோடு)

நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். கட்டியக்காரன் வந்து, வம்பு பேசி, சபதம் எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருகிற படுகளம் ஒரு கனம். படுகளத்தை மட்டும் வெட்டி ஒரு மணி நேரம் காட்டினால்? பெரிய திருவிழா மேடைகளில் பெரும்பாலான செட்கள் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம்தான். அதனால் எல்லோரும் உச்சத்தை மட்டும் அடுக்குகிறார்கள்.

கார்னியேவை இரண்டில் வைத்ததற்கும் இதுதான் காரணம். 1987-ல் மான்செஸ்டரின் ஹாசியெண்டா கிளப்பில் தொடங்கியவர். ஜாஸ், டெக்னோ, ஹவுஸ், டிஸ்கோ என்று எந்த இசை வகையையும் ஒதுக்காமல் ஒரே இரவில் கோர்ப்பார். 2017-ல் பிரான்ஸ் அவருக்கு நாட்டின் உயரிய விருதான லெஜியன் தொனாரைக் கொடுத்தது. சாஷாவும் டிக்வீடும் நியூயார்க்கின் ட்விலோ கிளப்பில் மாதம் ஒருமுறை சேர்ந்து போட்ட நீளமான இரவுகளுக்கு இன்றும் பேர் இருக்கிறது. ஒரு பாட்டு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாது.

என் சின்ன அளவிலும் இதைப் பார்க்கிறேன். ரிசப்ஷனில் மேடையில் போட்டோ எடுப்பது முடியும் வரை ஸ்பீக்கருக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் குதிப்பார்கள். அவர்களைப் பார்த்து எடுத்த எடுப்பிலேயே வேகத்தைக் கூட்டினால் பெரியவர்கள் எழுந்து பந்திக்குப் போய்விடுவார்கள். நான் மூன்றாவது வரிசை நாற்காலிகளைத்தான் கவனிப்பேன். அங்கே யாராவது ஒரு அத்தை பேச்சை நிறுத்தாமலே செருப்பால் தரையைத் தட்ட ஆரம்பித்தால், அப்புறம் ஒரு படி ஏற்றலாம்.

ஜெஃப் மில்ஸ் கேட்டேன். ஒரே இடி. எனக்குத் தலைவலிதான் வந்தது. (பென்னாகரம்)

எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரில் என்றால் தலைவலி வரத்தான் செய்யும். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடி பேஸ் வரவே வராது, மேலே இருக்கிற சிம்பல் சத்தம் மட்டும் காதைக் குத்தும். நல்ல ஹெட்போன் வைத்து, 1995-ல் டோக்கியோவின் லிக்விட் ரூமில் அவர் போட்ட செட்டைக் கேளுங்கள், ஆல்பமாகவே வந்திருக்கிறது. ஒரு தட்டை ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் ஓட்டிவிட்டு எடுத்துவிடுவார். வீடியோ கிடைத்தால் அவர் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினைக் கையாளும் இடத்தைப் பாருங்கள். 1983-ல் வந்த மெஷின் அது. பதிவு செய்த தாளத்தை ஓடவிட்டு நிற்காமல், பட்டன்களை விரலால் அந்த நேரத்துக்கு அந்த நேரம் அழுத்தித் தாளத்தை மாற்றுவார். பம்பைக்காரர் கை போவது போல இருக்கும். அதன் பிறகும் தலைவலி வந்தால் விட்டுவிடுங்கள், ரசனைக்குக் கட்டாயம் இல்லை.

பிளாக் காஃபி ஒரு கையால் டிஜே போடுகிறாராமே, உண்மையா? (தேன்கனிக்கோட்டை)

உண்மை. 1990-ல் நெல்சன் மண்டேலா விடுதலையை மக்கள் தெருவில் கொண்டாடிக்கொண்டிருந்தபோது ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்தது. அந்த விபத்தில் இடது கை செயலிழந்தது. 2022-ல் சிறந்த எலக்ட்ரானிக் ஆல்பத்துக்கான கிராமி வாங்கினார். ஆனால் பரிதாபத்துக்காகவோ கிராமிக்காகவோ ஐந்தாம் இடம் கொடுக்கவில்லை. சத்தத்தைக் கூட்டாமலே கூட்டத்தை ஆடவைப்பவர்கள் குறைவு, அவர் அதில் கெட்டிக்காரர்.

அவிச்சியை எப்படி விட்டீர்கள்? மனசே வரவில்லையா? (ஓசூர்)

தங்கச்சி, கோபப்படாதீர்கள். மெட்டுக் கட்டுவதற்கு ஒரு வரிசை போட்டால் அவரை முதல் மூன்றில் வைப்பேன். ஸ்டாக்ஹோமில் பிறந்த அவிச்சி (இயற்பெயர் டிம் பெர்க்லிங்) 2016-ல் மேடைப் பயணத்தை நிறுத்திவிட்டார், 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. அவருடைய இடம் ஸ்டுடியோ. ஊர் ஊராக ஓடுவது தன் உடம்புக்கும் மனசுக்கும் ஒத்துவரவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பாட்டு உண்டாக்குவது ஒரு வேலை, டிஜே போடுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்தே தீர வேண்டும் என்று சந்தை கேட்கிறது.

மேடையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாம் முன்பே பதிவு செய்ததா? (தர்மபுரி)

சிலர் அப்படித்தான். வாணவேடிக்கை, லைட், வீடியோ எல்லாம் பாட்டோடு நொடி பிசகாமல் சேர வேண்டும் என்றால் செட்டின் வரிசையை முன்பே முடிவு செய்தாக வேண்டும். 2012-ல் கனடாக்காரர் டெட்மவ்ஸ் தன் வலைப்பக்கத்தில், நாங்கள் எல்லோரும் ப்ளே பட்டனைத்தான் அழுத்துகிறோம் என்கிற மாதிரி எழுதிப் பெரிய சண்டையே வந்தது. சிங்க் பட்டன் வேறு விஷயம், அதில் எனக்குக் குறை இல்லை. வேகத்தை மெஷின் சேர்த்துக்கொடுத்தால், எதை எப்போது போடுவது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். அந்த நேரத்திலும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால்தான் தப்பு.

பெண்கள் ஒருவர்கூட இல்லையே. (கிருஷ்ணகிரி)

நியாயமான கேள்வி அக்கா. ஏழாம் இடம் வைத்தால் ஹாம்பர்க்கின் ஹெலெனா ஹாஃப்தான். இசைத்தட்டில் போட்டே பேர் வாங்கியவர், முரட்டுத்தனமான செட். சைபீரியாவின் இர்குட்ஸ்க்கில் பிறந்து பல் மருத்துவம் படித்த நினா க்ராவிஸையும் பெல்ஜியத்தின் ஷார்லட் டி விட்டேயையும் கேளுங்கள். அந்தக் காலத்து கிளப்களில் பெண்களுக்கு மேடை கொடுத்ததே குறைவு. நான் பெரும்பாலும் அந்தக் காலத்து ஆட்களிடம் மயங்கியவன்.

நம் நாட்டில் யார்? (அரூர்)

டெக்னோவில் டெல்லியின் அர்ஜுன் வாகலே. என் ஓட்டு அவருக்குத்தான். நியூக்ளியா நம்மூர்த் தெருக் கொட்டுமேளத்தையும் கனமான பேஸையும் கலப்பார், கூட்டத்தைக் கட்டிப்போடுவார்.

டிஜே இல்லையென்றாலும் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஒரு ஆல்பம் போட்டார். அதில் ரோலண்டின் டிபி-303 பேஸ் மெஷின், டிஆர்-808 டிரம் மெஷின் இரண்டும் இருந்தன. சிகாகோக்காரர்கள் அதே 303-ஐத் திருகி ஆசிட் ஹவுஸ் என்ற வகையை வெளியிட்டது 1987-ல். அவர்கள் இவரைக் கேட்டிருக்கவில்லை. நம் ஆட்களும்தான் கேட்கவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஃபிராங்கி நக்கிள்ஸ் இல்லாமல் ஒரு பட்டியலா? (ஓசூர்)

1977-லிருந்து சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் அவர் போட்டதிலிருந்துதான் ஹவுஸ் இசைக்கு அந்தப் பெயரே வந்தது என்பார்கள். 2004-ல் சிகாகோவில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த இரவுகளை முழுசாக நான் கேட்க வழியில்லை. கேட்காத செட்டுக்கு எண் கொடுக்க மாட்டேன். கோயிலில் மூலவருக்கு யாரும் ரேங்க் போடுவதில்லை, அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு டிஜே ஆகப் போகிறேன் என்கிறான். என்ன சார் சொல்வது? (தர்மபுரி)

முதலில் படிக்கச் சொல்லுங்கள். ஆர்மின் வான் பியூரன் சட்டம் படித்து முடித்தவர். 2001-லிருந்து வாராவாரம் ரேடியோ நிகழ்ச்சியும் நடத்திவருகிறார், அந்த ஒழுங்குக்காகவே அவருக்கு ஆறாம் இடம். பையனுக்கு லேப்டாப்போடு இணைத்து டிஜே போடும் பழைய இரண்டு சேனல் கன்ட்ரோலர் ஒன்று போதும், கடன் வாங்கிப் பெரிய கருவியெல்லாம் வாங்கித்தர வேண்டாம்.

காது முக்கியம். 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லில் 15 நிமிஷம்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிறவனுக்கு 100 சாதாரணம். கேட்கும் திறன் ஒருமுறை போனால் திரும்பி வராது. முதல் செலவு காதடைப்பானாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டு ரிசப்ஷனுக்கு கார்ல் காக்ஸ் மாதிரி போடுவீர்களா அண்ணா? (ஊத்தங்கரை)

போடலாம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் ஓடக்கூடாது, அதனால் 7 மணிக்கே தொடங்க வேண்டும். முதல் ஒன்றரை மணி நேரம் "அந்தப் பாட்டு போடு" என்று யாரும் கன்சோல் பக்கம் வரக்கூடாது, உங்கள் தாய்மாமன் உட்பட. இதற்குச் சம்மதம் என்றால் தேதியைச் சொல்லுங்கள்.