சிக்னல் வந்ததும் வந்த செய்தி

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குக் குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். இப்போது குவைத்தில் வேலை. வெள்ளிக்கிழமை லீவு என்பதால் உங்கள் வாரக் குறிப்புகளை அன்றைக்குத்தான் மொத்தமாகப் படிப்பேன். சென்ற வாரம் கட்சித் தாவல் பற்றி எழுதியிருந்தீர்கள், கிரிக்கெட் பற்றி எழுதியிருந்தீர்கள். ஊரெல்லாம் பேசிய அந்த நடிகரின் விவாகரத்து பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எங்கள் ரூமில் ஆறு பேர். ஆறு பேருக்கும் அதில் ஒரு கருத்து இருக்கிறது. உங்களுக்கு இல்லையா? புகழ் வேண்டும் என்று வருகிறவர்கள் பேச்சும் கேட்கத்தானே வேண்டும்? அரசியல்வாதியைக் கிழிப்பது பாதுகாப்பான வேலை, சினிமாக்காரர்களைத் தொட்டால் ரசிகர்கள் வந்துவிடுவார்கள் என்று பயமோ என்று தோன்றியது. இன்னொன்று. நம்ம மாவட்டத்துக்காரராக இருந்துகொண்டு கிரிக்கெட்டுக்கு மூன்று பத்தி, கால்பந்துக்கு ஒன்றுமில்லை. நியாயமா?

ஜெ., குவைத்

அன்புள்ள ஜெ.,

கடைசிக் கேள்வியில் நான் காலி. அதற்குப் பிறகு வருகிறேன்.

விவாகரத்து பற்றி எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. நன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை வீட்டில் விரிவாகச் சொல்ல ஆரம்பித்தேன். "சவம், அது நமக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு மனைவி தேங்காயையும் திருவலக்குற்றியையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவியலுக்குத் திருவி முடித்தபோது கருத்தும் முடிந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் பயம் என்று எழுதிவிட்டதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அரசியல்வாதியைத் திட்டுவது பாதுகாப்பான வேலையா? தம்பி, நீங்கள் குவைத்தில் இருக்கிறீர்கள். நான் காலை பத்து மணிக்கு அதே டீக்கடைக்குப் போயாக வேண்டும். 2024-இல் விளவங்கோடு எம்.எல்.ஏ. காங்கிரசிலிருந்து பாஜகவுக்குப் போனாரே, மூன்று முறை கைச் சின்னத்தில் ஜெயித்தவர், அப்போது நான் எழுதியதற்காக ஒருவர் இன்றுவரை என் பக்கத்தில் உட்காருவதில்லை. பெஞ்சில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே ரசவடை தின்கிறார். ஆனாலும் அதை எழுதுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. ஓட்டு வாங்கிக்கொண்டு போனவர், கேள்வி கேட்கத்தான் வேண்டும். இடைத்தேர்தலில் தொகுதி மறுபடி காங்கிரசிடமே போனது. விளவங்கோட்டுக்காரர்கள் தங்கள் கருத்தை அப்படிச் சொன்னார்கள்.

சினிமாக்காரர்களையும் நான் விட்டுவைத்ததில்லை. நம்ம எம்.பி. விஜய் வசந்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் நடிகரும்தான். படத்தில் எப்படி நடித்தார் என்று சொல்ல டிக்கெட் எடுத்தவனுக்கு உரிமை உண்டு. நாடாளுமன்றத்தில் என்ன பேசினார் என்று கேட்க, ஓட்டுப் போடாதவனுக்கும் உண்டு. வீட்டுக்குள் யாரோடு என்ன சண்டை என்பதற்கு டிக்கெட் எந்தக் கவுண்டரில் கொடுக்கிறார்கள்?

நான் நாகர்கோவில்காரன். வடசேரியில் பஸ் ஏறினால் இரண்டு நிமிஷத்தில் ஒழுகினசேரி. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908-இல் பிறந்த ஊர். சின்ன வயதில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் பாட்டி பஸ் ஜன்னலில் கை நீட்டி, "செய்யாத குத்தத்துக்கு அந்தப் பிள்ளய உள்ள போட்டாவ" என்று சொல்லாமல் இருந்ததில்லை. பிள்ளை என்று அவள் சொன்னது அவளைவிட மூத்தவரை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லட்சுமிகாந்தன் என்பவர் முதலில் 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' என்று பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் சரக்கு. யார் யார் வீட்டில் என்ன என்பதை எழுதுவார், எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவார் என்பது அன்றைய பேச்சு. சனங்கள் திட்டிக்கொண்டே வாங்கிப் படித்தார்கள், இப்போது நாம் திட்டிக்கொண்டே பார்ப்பதுபோல. 1944 நவம்பரில் சென்னையில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் செத்துப்போனார். தியாகராஜ பாகவதரையும் கலைவாணரையும் பிடித்தார்கள், ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில்தான் இருவரும் வெளியே வந்தார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவில்லை. கலைவாணர் மறுபடி சிரிக்க வைத்தார், ஆனால் நல்ல வயதில் இரண்டு வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

வம்பு எழுதியவனும் செத்தான், எழுதப்பட்டவர்களும் சீரழிந்தார்கள். படித்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் வேறு பத்திரிகை வாங்கியிருப்பார்கள். என் பாட்டியும் 'இந்துநேச'னைப் படிக்கச் சொல்லிக் கேட்டவள்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

சரி, இது பழைய கதை. இன்னொன்று நானே பார்த்தது.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒகி புயல். நீங்கள் அப்போது ஊரில் இருந்தீர்களா தெரியாது. விடிந்தபோது எங்கள் அயனிமரம் மதில் மேல் கிடந்தது. கரண்ட் போனது போனதுதான். மோட்டார் ஓடாததால் பல வருஷத்துக்குப் பிறகு கிணற்றில் வாளி போட்டேன், கயிறு இழுத்துக் கை பொத்துப்போனது. ஏழாம் நாள் சாயங்காலம், ஒரு மொபைல் கடையில் ஜெனரேட்டர் வைத்து சார்ஜ் போட்டுத் தருகிறார்கள் என்று கேட்டுப் போனேன். போனுக்கு இருபது ரூபாய். மேஜை முழுக்க ஒயரும் பிளக்குமாகக் கிடந்தது, யார் போன் எது என்று தெரிய பிளாஸ்திரி ஒட்டி நம்பர் எழுதியிருந்தார் கடைக்காரர். என்னுடையது 17.

போன் உயிர் வந்து, சிக்னலும் வந்து, வாட்ஸ்அப் நிற்காமல் அதிர்ந்தது. என்ன செய்தி என்கிறீர்கள்? டெல்லி டெஸ்டில் புகைமூட்டத்தால் இலங்கை வீரர்கள் மாஸ்க் போட்டு ஆடுகிறார்கள், நடிக்கிறார்களா, நிஜமா. கோலி 243. ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் மனு நிராகரிப்பு, இல்லை ஏற்பு, இல்லை நிராகரிப்பு, விஷால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்தேன். மறைப்பானேன், ஒரு வாரம் பேச்சுத்துணை இல்லாமல் கிடந்தவன், ஆசையாக ஒவ்வொரு மீமாகப் பார்த்தேன்.

பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். கடற்கரைக்காரர், புயலில் திரும்பி வராத, மச்சினன் போன போட்டைத் தேடி, பேர் எழுதிக் கொடுக்க டவுனுக்கு வந்தவர். அவருடைய போனில் சார்ஜ் ஏறவில்லை. நான் ஆர்வமாகப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சாரே, இதுல போட்டைப் பத்தி வல்லதும் வந்திருக்கா?" என்றார்.

முதலிலிருந்து தள்ளிப் பார்த்தேன். முன்னூற்றுச் சொச்சம் மெசேஜ். அந்தப் பக்கத்துப் போட்டுகள் சுறாவுக்காக வாரக்கணக்கில் லட்சத்தீவுக்கு அப்பாலும் போகிறவை, அவற்றைப் பற்றி ஒன்றுகூட இல்லை. விஷால் மட்டும் நாற்பது இருக்கும். "இல்லையே" என்றேன். "கொஞ்சங்கூடிப் பாருங்க" என்றார். மறுபடி தள்ளினேன். அவர் என் தோள் வழியாக மாஸ்க் போட்ட ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 7-ஆம் தேதி, கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, சின்னத்துறையிலிருந்து சனங்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே வந்து குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். கேமராக்கள் முழுசாக இந்தப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். அதுவும் எத்தனை நாளைக்கு? 11-ஆம் தேதி இத்தாலியில் கோலிக்குக் கல்யாணம். கோலி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல ஆட்டக்காரர். ஆனால் அந்த 243-ஐ இன்றுவரை நான் முழுதாகப் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்க உட்கார்ந்தால் 17-ஆம் நம்பர் பிளாஸ்திரி ஞாபகம் வந்துவிடுகிறது.

அதனால் நீங்கள் கேட்ட விவாகரத்தை நான் எழுதப் போவதில்லை. உங்கள் ரூமில் ஆறு பேர் பேசிக்கொள்ளுங்கள், அதில் தப்பொன்றும் இல்லை. ரூம் பேச்சு ரூமோடு போகும். நான் இங்கே எழுதினால் அது ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கத்தின் தலையில் நிற்கும், அந்த இடத்தில் வேறெதுவோ நிற்காமல் போகும்.

கால்பந்து. ஒத்துக்கொள்கிறேன். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போய் 2019-இல் இந்தியச் சட்டை போட்டார். அவருடைய கூடப்பிறந்த ரெஜினும் பெரிய கிளப்புகளில் ஆடியவர். இத்தனை வருஷத்தில் நான் அவர்களைப் பற்றி எழுதியது நாலு வரி தேறாது. உலகக் கோப்பை வந்தால் மட்டும் தூத்தூர் முக்கில் மெஸ்ஸிக்கு வைத்த பிளெக்ஸைப் படம் எடுத்துப் போட்டு லைக் வாங்கிக்கொள்வேன். கிரிக்கெட் ஸ்கோர் தானாகப் போனுக்கு வந்துவிடும், இந்தப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க மணலில் இறங்கி நடக்க வேண்டும். சோம்பல், வேறொன்றுமில்லை.

லீவு எப்போது? தேதி எழுதுங்கள். தூத்தூர்க் கரையில் சாயங்கால மாட்ச் நாலரைக்குத் தொடங்கிவிடும். பஸ்ஸை நம்ப வேண்டாம், என் பைக்கில் போகலாம். கருங்கல் முக்கில் நில்லுங்கள், ஏற்றிக்கொள்கிறேன். விவாகரத்தைப் பற்றிய என் கருத்தை வழியில் சொல்கிறேன்.