ஆறு தாண்டுமா, தாண்டாதா? தான்சானியா சஃபாரி கேள்வி–பதில்

எங்களுக்கு ஏழு நாள்தான் லீவு. செரங்கெட்டி பூங்கா, ங்கோரோங்கோரோ பள்ளம், கிளிமஞ்சாரோ மலையேற்றம், சான்சிபார் கடற்கரை, நான்கையும் முடித்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். சரிப்படுமா?

படாது. கிளிமஞ்சாரோ ஏறி இறங்கவே ஆறேழு நாள் வேண்டும். மலையை இந்த முறை விட்டுவிடுங்கள். சஃபாரி கிளம்பும் அருஷா நகரிலிருந்து செரங்கெட்டியின் நடுவிலுள்ள செரொனெராவுக்குச் சுமார் 325 கி.மீ. வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் ங்கோரோங்கோரோ மேட்டில் ஏறி இறங்கி, மண் சாலையில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டு மணி நேரம் ஓடிவிடும். தரங்கிரே பூங்காவில் ஓர் இரவு, செரங்கெட்டியில் மூன்று, திரும்பும் வழியில் ங்கோரோங்கோரோ. ஏழு நாளுக்கு இதுவே நிறைவு. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை இருக்காது. அப்போது யானைகள் கூட்டம் கூட்டமாகத் தரங்கிரே ஆற்றுக்கு வரும். கடற்கரைக்காக அதை விடச் சொன்னால் எனக்கு மனசு வராது.

இன்னொன்று. பூங்காக் கட்டணம் 24 மணி நேரக் கணக்கு. நேற்று பதினொரு மணிக்கு உள்ளே போனவர் இன்று பதினொன்றைத் தாண்டி வெளியே வந்தால் இன்னொரு நாள் கட்டணம். கடைசி நாள் காலையில் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வண்டியை விரட்டுவது அதனால்தான்.

ஆகஸ்டில் போகிறோம். வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்த்தே தீரவேண்டும். செரொனெராவில் இரண்டு இரவு புக் செய்துவிட்டோம். பார்த்துவிடலாம்தானே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். செரங்கெட்டி பூங்காவின் பரப்பு 14,763 சதுர கி.மீ. செரொனெரா அதன் நடுவில். நீங்கள் பார்க்க நினைக்கும் மாரா ஆறு வட கோடியில், கென்ய எல்லையை ஒட்டி ஓடுகிறது. ஆகஸ்டில் கூட்டம் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். செரொனெராவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரமில்லை. மாரா ஆற்றை ஒட்டிய கொகாடெண்டே பக்கத்துக்குத் தங்குமிடத்தை மாற்றுங்கள், மூன்று இரவாக.

மாற்றினாலும் உத்தரவாதம் கிடையாது. முதல் தடவை நான் போனபோது காலை பத்து மணிக்குக் கரையோரம் வண்டியை நிறுத்தினோம். எதிர்க் கரையில் ஆயிரக்கணக்கில் நின்றன. ஒன்று இறங்கி வந்து தண்ணீரை முகர்ந்தது. பின்னாலிருந்தவை நெருக்கித் தள்ள, அதுவே மிரண்டு மேலே ஏறிவிட்டது. ஒரு வரிக்குதிரை மட்டும் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. மாலை நான்கு மணிக்கு மொத்தக் கூட்டமும் திரும்பி மேயப் போய்விட்டது. மறுநாள் வந்து டீ ஃபிளாஸ்க்கைத் திறக்கக்கூட நேரமில்லை. முதல் மாடு குதித்தது, அவ்வளவுதான். புழுதியும் முக்காரமுமாக இருபது நிமிடம். முதலை ஒன்றைத்தான் பிடித்தது. செங்குத்தான கரையில் ஏற முடியாமல் சறுக்கி விழுந்தவை அதைவிட அதிகம்.

டிரைவரை “இன்னும் கிட்டே போங்க” என்று நச்சரிக்காதீர்கள். வண்டி கரையை மறித்தால் கூட்டம் இறங்காது.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் பிப்ரவரியில் தெற்கே ண்டூட்டு சமவெளிக்குப் போங்கள். அது குட்டி போடும் காலம். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து தாயோடு ஓடும். பின்னாலேயே சிறுத்தைப்புலியைவிட வேகமான சீட்டாவும் வரும். என்னைக் கேட்டால் ஆற்றைவிட இதுவே மேல்.

ங்கோரோங்கோரோ பள்ளத்துக்குள் ஒட்டகச்சிவிங்கியே இல்லை என்று என் மகள் எங்கோ படித்தாளாம். உண்மையா?

உண்மை. எரிமலை உள்ளே இடிந்து உண்டான பள்ளம் அது. சுமார் 600 மீட்டர் ஆழம், அடித்தளம் 260 சதுர கி.மீ. செங்குத்துச் சரிவு ஒருபுறம், தின்பதற்குப் போதிய மரம் இல்லாதது மறுபுறம். ஒட்டகச்சிவிங்கி இறங்குவதில்லை. யானையிலும் பெரும்பாலும் வயதான ஆண்களைத்தான் பார்ப்பீர்கள். ஒட்டகச்சிவிங்கியைத் தரங்கிரேயிலேயே மகளுக்குக் காட்டிவிடுங்கள். கறுப்புக் காண்டாமிருகத்துக்குப் பள்ளம்தான் இடம், ஆனால் எப்போதும் தொலைவில் நிற்கும். பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டும். விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம், காலையில் பல் கிட்டும். ஸ்வெட்டரை மறக்க வேண்டாம்.

அம்மா சுத்த சைவம். முட்டையும் தொடமாட்டார். சமாளிக்க முடியுமா?

தாராளமாக. சப்பாத்தியை அங்கேயும் சப்பாத்தி என்றுதான் சொல்கிறார்கள். மஹராகே என்றால் பீன்ஸ் குழம்பு. ம்ச்சிச்சா நம் முளைக்கீரை இனம்தான். வாலி வா நாஸி என்பது தேங்காய்ப்பால் சோறு. தலைமுறைகளாக வாழும் குஜராத்திகளால் அருஷாவில் சைவ உணவகமும் உண்டு. சிக்கல் மதிய டப்பாவில்தான். கோழிக்காலும் அவித்த முட்டையும் வழக்கமாக இருக்கும். முதல் நாள் இரவே விடுதியில் சொல்லிவையுங்கள். பள்ளத்துக்குள் சாப்பிடும் இடத்தில் பருந்துகள் வட்டமிடும். என் கையிலிருந்த சப்பாத்தியை ஒன்று அப்படியே கொத்திக்கொண்டு போனது, விரலில் கீறலோடு. வண்டிக்குள் உட்கார்ந்தே சாப்பிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?

நைரோபி, அடிஸ் அபாபா வழியாக விமானம் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே நீண்ட நேரம் தங்கினால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள், திரும்பும்போது இந்தியாவிலும் கேட்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்க. மலேரியா மாத்திரைக்கு டாக்டரைத் தனியாகப் பாருங்கள்.

வயது 58. தினமும் எட்டு கி.மீ. நடக்கிறேன். கிளிமஞ்சாரோ ஏற முடியுமா?

வயது தடையில்லை, அவசரம்தான் தடை. 5,895 மீட்டரில் காற்றில் பிராணவாயு கிட்டத்தட்டப் பாதிதான். அங்கே தலைவலியும் வாந்தியும் வாலிபரையும் விடாது. மலிவு என்று மராங்கு வழியில் ஐந்து நாள் பயணத்தை எடுக்காதீர்கள். லெமோஷோ வழியில் எட்டு நாள் எடுத்துக்கொண்டால் உடம்பு உயரத்துக்குப் பழகும். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியில்லை. அவர் “போலே போலே” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அவர் இறங்கு என்றால் இறங்கிவிடுங்கள்.

நீல நிற உடை போடக்கூடாதாமே?

ஆமாம். கருநீலமும் கறுப்பும் ட்செட்சே ஈயை இழுக்கும். ஜீன்ஸ் துணியையும் தாண்டிக் கடிக்கும். காக்கி, மங்கிய பச்சை போதும். பிளாஸ்டிக் கேரி பேகும் கொண்டுபோகாதீர்கள், 2019 ஜூனிலிருந்து தடை. சிறு விமானத்தில் போவதானால் 15 கிலோவுக்குள், சக்கரம் இல்லாத துணிப் பையாக எடுங்கள்.