பையில் ஒரு பின்னல், நடுவில் இரண்டு வெறும் நாள்

கேள்வி: அக்கா, எனக்கு 54 வயது, ஊர் செங்கல்பட்டு. ஆயுத பூஜை முடிந்த கையோடு நானும் வீட்டுக்காரரும் சிம்லா, மணாலி என்று 11 நாள் போகிறோம். போகும்போது ரயில், திரும்பும்போது விமானம். மகன் மணி வாரியாக ஓர் அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறான், பார்த்தாலே மூச்சு முட்டுகிறது. எனக்கு அவசரமில்லாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான். ஜனவரியில் பெங்களூருவில் மகளுக்குப் பிரசவம், அதனால் நிட்டிங்கையும் கூடவே எடுத்துப் போக ஆசை. ஒரு போர்வை பாதியில் நிற்கிறது, இவருக்கு ஸ்வெட்டர் ஆரம்பித்திருக்கிறேன், குழந்தைக்கு இன்னும் ஒன்றும் போடவில்லை. மூன்றையும் எடுத்துக்கொள்ளலாமா? "ஊர் பார்க்கப் போகிறோமா, உல்லன் சுற்றப் போகிறோமா?" என்று இவர் வேறு கேட்கிறார்.

பதில்: வேண்டாம்மா, மூன்றும் வேண்டாம். ஒன்றே ஒன்று போதும், அதுவும் குழந்தைக்கானதுதான். போர்வை பாதிக்கு வந்துவிட்டது என்றால் இப்போதே மடி நிறைய இருக்கும், ரயில் இருக்கையில் அதை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் மேலும் விழும், அது வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டுக்காரர் ஸ்வெட்டருக்கு அளவு பார்க்க வேண்டும், கழுத்துக்குக் குறைக்க வேண்டும், கணக்கு தப்பினால் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பிறந்த குழந்தை ஸ்வெட்டர் அப்படியில்லை. நாலு பிளை மெல்லிய நூலில் 150 கிராம் எடுத்தால் அதுவே தாராளம், ஒரு தொப்பியும் அதிலேயே ஆகிவிடும். 10 நம்பர் ஊசி ஒரு ஜோடி, அல்லது வயர் வைத்த சர்குலர் ஊசி இருந்தால் அதுதான் மேல், நீள ஊசி மாதிரி பக்கத்து ஆள் விலாவில் இடிக்காது, ஊசி கைநழுவினாலும் வயரிலேயே தொங்கும். நூலை மொத்தமாக ஒரே லாட் நம்பரில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதாக, வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து, மணாலியில் போய் அதே மஞ்சளைத் தேடினால் கிடைக்காது.

எந்த டிசைன் என்று எழுதவில்லை, அதனால் ஒரு சோதனை சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் ஒருநாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு வரிசை போட்டுப் பாருங்கள். மறுபடி விளக்கைப் போட்டதும் கண்ணிகள், அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையங்கள், எண்ணிக்கையில் சரியாக இருந்தால் அந்த டிசைனை எடுத்துப் போகலாம், இல்லையென்றால் எல்லா வரிசையும் நிட் மட்டுமே வருகிற சாதா பின்னலுக்கு மாறிவிடுங்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், கால்காவிலிருந்து சிம்லா போகும் அந்தச் சின்ன ரயில் பாதை 96 கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் 102 சுரங்கம். 1903இல் திறந்த பாதை, 2008இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. சுரங்கத்துக்குள் இருட்டும்போது கை தானாகப் பின்ன வேண்டும், வெளியே வந்ததும் கண் பைன் மரத்தைப் பார்க்க வேண்டும். பூ டிசைன் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டம் எண்ணினால் இரண்டும் நடக்காது. கருநீலம், கறுப்பு நூலும் வேண்டாம், ரயிலில் சாயங்கால வெளிச்சத்துக்கே கண்ணி தெரியாது.

ஒருமுறை நானும் டெல்லிக்கு ரயிலில் போனேன், தம்பிக்குப் போட்ட ஸ்வெட்டரின் முதுகுப் பாகம், ஊசியில் 120 கண்ணி. சாப்பாடு வந்ததென்று அப்படியே பைக்குள் செருகி வைத்தேன், குவாலியர் தாண்டி எடுத்துப் பார்க்கிறேன், ஊசி ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம், 14 கண்ணி நாலைந்து வரிசைக்குக் கீழே இறங்கியிருந்தது. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் அவற்றை ஒவ்வொன்றாகக் குரோஷா ஊசியால் ஏற்றி முடிக்க ஆக்ரா வரைக்கும் ஆனது. அன்றிலிருந்து ஊசி முனை இரண்டிலும் ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றாமல் நான் பின்னலைக் கீழே வைத்ததில்லை. பையில் ஒரு குரோஷா ஊசி, நாலு சேஃப்டி பின், வேறு நிறத்தில் ஒரு முழம் நூல், இது மூன்றும் இருந்தால் எந்தச் சேதாரத்தையும் வழியிலேயே சரிசெய்துவிடலாம்.

அப்புறம் நூல் உருண்டை. அது கீழே விழுந்து சீட்டுக்கு அடியில் ஓடினால் தரையில் சிந்திய டீயெல்லாம் அதில்தான். இதற்குக் கடையில் விற்கிற பின்னல் பையெல்லாம் வேண்டாம், நம் மஞ்சப்பை போதும். காதைக் கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு, உருண்டையை உள்ளே போட்டு, நூல் மட்டும் வெளியே வருகிற மாதிரி விட்டுவிட்டால் நின்றுகொண்டுகூடப் பின்னலாம். சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழுப் பகல். அந்தப் பகலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் முதுகுப் பாகத்தில் பாதி ஏறிவிடும். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப் படுக்கைக்கென்று ஒதுக்கீடு இருக்கிறது, டிக்கெட் போடும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, அட்டவணைக்கு வருவோம். மகன் அக்கறையில்தான் போட்டிருக்கிறார், அதைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் கடைசி நேரத்தில் கிடைக்காதவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, டெல்லி வண்டிக்கும் சிம்லா வண்டிக்கும் அன்று காலையிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்தது தங்குமிடம், இதில்தான் உங்கள் தேதி கொஞ்சம் உதைக்கிறது. நம் ஊரில் விஜயதசமியோடு நவராத்திரி முடிகிறது, குல்லுவில் அன்றைக்குத்தான் தசராவே தொடங்குகிறது, ஏழு நாள். ரகுநாதர் தேர் இழுப்பார்கள், சுற்றுக் கிராமத்துத் தெய்வங்களெல்லாம் பல்லக்கில் தால்பூர் மைதானத்துக்கு வந்து இறங்கும். பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும், ஆனால் அறை அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். குல்லு, மணாலி ராத்திரிகளை இப்போதே உறுதிசெய்துவிடுங்கள். அதோடு சிம்லாவில் முதல் இரண்டு ராத்திரி, திரும்பும் விமானம். முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியது இவ்வளவுதான்.

மற்றதைக் காலையில் எழுந்து காபி குடித்துவிட்டு முடிவுசெய்யுங்கள். ஆனால் 11 நாளில் இரண்டு நாளை எதுவும் எழுதாமல் விட்டே ஆக வேண்டும், அதில் ஒன்று கண்டிப்பாகத் திரும்புவதற்கு முந்தின நாள். மலைச் சாலை, மழையோ மண்சரிவோ வந்தால் மணிக்கணக்கில் நின்றுவிடும். அன்று மாலை மணாலியிலிருந்து கிளம்பி மறுநாள் காலை விமானம் பிடிப்பதாக மகன் போட்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள், நெஞ்சு படபடக்க ஊர் திரும்புவதற்காகவா இவ்வளவு தூரம் போகிறீர்கள்? அதற்கும் முந்தின நாளே கீழே இறங்கி, சண்டிகரிலோ டெல்லியிலோ தங்கிவிடுங்கள்.

கார் பயணத்தில் பின்ன வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். சிம்லாவிலிருந்து மணாலி முழுக்க வளைவு. குனிந்து ஊசியையே பார்த்தால் தலை சுற்றிக் குமட்டும், திடீரென்று பிரேக் போட்டால் ஊசி எங்கே குத்தும் என்று சொல்லவே முடியாது.

துணி விஷயத்தில் நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், தடியாக ஒரு கோட்டுக்குப் பதில் மெல்லியதாக மூன்று அடுக்கு. அக்டோபரில் சிம்லாவில் பகல் வெயில் இதமாக இருக்கும், சூரியன் இறங்கியதும் விறைக்கும், அதனால் உள்ளே ஒரு தெர்மல், மேலே ஸ்வெட்டர், காற்றுக்கு ஒரு ஜாக்கெட். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போதும். சுடிதாரோடு ஷூ போட்டுப் பழகிக்கொண்டு போங்கள், மால் ரோடு சமமாக இருக்கும், அதிலிருந்து லோயர் பஜாருக்கு இறங்கும் படிகள் செருப்புக்குச் சரிப்படாது.

பெட்டியில் கால் பாகத்தைக் காலியாக விடுங்கள். அந்த இடம் அங்கே வாங்கப்போகிற உல்லனுக்கு. மலை ஆட்டு உல்லன் கொஞ்சம் சொரசொரப்பு, குழந்தை தோலுக்கு ஆகாது, ஆனால் வீட்டுக்காரர் ஸ்வெட்டருக்கும் உங்கள் சாக்ஸுக்கும் அதைப்போல் கிடையாது. மணாலியிலிருந்து ஒருநாள் அடல் சுரங்கம் வழியாக சிசு என்கிற ஊர் வரை போய்வாருங்கள், 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் சுரங்கம், அதைத் தாண்டினால் லாஹௌல் பள்ளத்தாக்கு. அங்கே பெண்கள் கையால் பின்னுகிற பூவேலை சாக்ஸும் கையுறையும் புவிசார் குறியீடு வாங்கியவை. ஒரு ஜோடி வாங்கி உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒரே வரிசையில் இரண்டு மூன்று நிறம் எப்படி ஓடுகிறது என்று அதில்தான் தெரியும். மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள், பையிலிருந்து உங்கள் பின்னலை எடுத்துக் காட்டுங்கள், அப்புறம் பேச்சு தானாக நடக்கும்.

திரும்பும்போது விமானம் என்பதால், ஊசி, கத்தரிக்கோல் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போய்விட வேண்டும். கைப்பையில் ஊசியை விடுவதும் பிடுங்குவதும் சோதனையில் நிற்கிற அதிகாரி கையில் இருக்கிறது, பாதி ஸ்வெட்டரோடு அங்கே நின்று வாதாட முடியாது. வேலை முடியாமல் இருந்தால் அந்த வேற்று நிற நூலைத் தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டிவிட்டு ஊசியை உருவிவிடுங்கள், வீட்டுக்கு வந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பவர் பேங்க் இருந்தால் அது மட்டும் கைப்பையில், பெட்டியில் வைக்கக்கூடாது.

வீட்டுக்காரர் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அங்கே கடைகளில் உல்லன் நிறைய இடத்தில் உருண்டையாக வராது, சிட்டமாகத்தான், அதாவது பெரிய வளையமாகச் சுற்றிய கட்டாகத்தான் வரும். அதை உருண்டையாகச் சுற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் எதிரே உட்கார்ந்து இரண்டு கையிலும் சிட்டத்தை மாட்டி நீட்டிப் பிடிக்க வேண்டும், நூல் வருகிற பக்கமெல்லாம் கையைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு சிட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். மணாலியில் அறைக்கு வெளியே வெயிலில் இரண்டு நாற்காலி போட்டு, அவரை எதிரே உட்காரச் சொல்லுங்கள்.